மூன்றாவது குப்பி

முன்னொரு காலத்தில் கடலோரம் இருந்த நெய்தல்புரியை மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் அவர் ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கூடாது. தினமும் மீசைக்குத் தாழம்பூ அத்தர் தடவாமல் சபைக்கு வரவும் மாட்டார்.

அந்த அத்தரை வடித்துக் கொடுப்பவள் வடிவம்மை. அதற்காகவே ராஜா அவளுக்கு ஒரு தாழங்காட்டை மானியமாக விட்டிருந்தார். அது பண்டகசாலை அதிகாரி குணசீலரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பேர்தான் குணசீலர்!

ஒருநாள் அவர் சபையில் ஒரு குப்பியை நீட்டினார். "மகாராஜா, இது என் மைத்துனன் செய்த அத்தர். பத்தில் ஒரு பங்கு செலவுதான். முகர்ந்து பாருங்கள்."

ராஜா அதை மீசையருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு வடிவம்மையின் குப்பியையும் முகர்ந்தார். "அட, இரண்டும் ஒன்றேதான்!" சபை முழுக்கத் தலையாட்டியது. "இத்தனை காலம் என்னை ஏமாற்றினாயா வடிவம்மை? காட்டை இவர் மைத்துனனிடம் விட்டுவிட்டு இன்றைக்கே ஊரைவிட்டுப் போ!"

அந்தக் காடு போனால் வடிவம்மைக்கு வேறு பிழைப்பு ஏது? கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான், ராஜாவின் மீசை அத்தரில் மினுமினுப்பதைக் கவனித்தாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"போகிறேன் மகாராஜா. ஆனால் இதைவிட மலிவாக ஒன்று உண்டு, காசே வேண்டாம். கொண்டுவரட்டுமா?"

ராஜா தலையசைக்க, வெளியே போய் மூன்றாவது குப்பியோடு வந்தாள்.

"ஆகா, இதுவும் அதே வாசனை! யார் செய்தது?"

"வருண பகவான், மகாராஜா. அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர் இது."

ராஜாவின் முகம் சிவந்தது.

"கோபிக்க வேண்டாம். மீசையில் அத்தர் இருக்கும்வரை எதை முகர்ந்தாலும் அத்தர்தான் மணக்கும். பயத்தமாவு போட்டு மீசையைக் கழுவிவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒன்றேதான் என்றால் நான் போய்விடுகிறேன்."

ராஜா கழுவிக்கொண்டு வந்தார். மைத்துனனின் குப்பியை முகர்ந்தவர் தும்மிவிட்டார். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயும் கற்பூரமும்! வடிவம்மையின் குப்பியோ, மழை விட்ட காலையில் தாழம்புதர்ப் பக்கம் போனதுபோல் மணத்தது.

ராஜா வெட்கத்தோடு மந்திரியைப் பார்த்தார். "உமக்காவது வித்தியாசம் தெரிந்ததா?"

"மூடியைத் திறந்ததுமே நெடி அடித்தது, மகாராஜா."

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

"இரண்டும் ஒன்றேதான் என்று தாங்கள் சொல்லிவிட்டீர்களே."

மந்திரியின் பதில் ராஜாவை நன்றாகவே சுட்டது. பிறகு, காடு வடிவம்மைக்கே என்றும், குணசீலர் ஒரு மாதம் மைத்துனனின் அத்தரைப் பூசிக்கொண்டுதான் சபைக்கு வரவேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

அன்று முதல், தீர்ப்பு சொல்லும் நாட்களில் ராஜா மீசையைக் கழுவிவிட்டுத்தான் சபைக்கு வந்தார். மற்றவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகே வாயைத் திறந்தார்.