ஊற்றின் மேல் உட்கார்ந்த பன்றி

அன்று ஆற்றுமணலில் இருந்தவர்கள்: காட்டுப்பன்றி ஒன்று, முயல்கள் இரண்டு, கீரி ஒன்று, ஆட்காட்டிக் குருவி ஒன்று. மொத்தம் ஐந்து பேர். மயில் ஒன்றும் வந்தது. மணல் சுடுகிறது என்று பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அதைச் சேர்க்கவில்லை.

கோடையில் ஆறு வற்றியிருந்தது. பன்றிதான் மூக்கால் கிண்டி மணலில் ஓர் ஊற்று எடுத்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் மெல்லச் சுரக்கும். குடித்தவர் சரிந்து விழுந்த மணலை வாரி வெளியே போட்டுவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்கு ஊறும். அந்த ஆற்றில் அதுதான் பழக்கம்.

குருவிக்குத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் அல்ல. அது வெறும் மணலில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. உச்சிவெயில் நேரத்தில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிப்போய் அவற்றின் மேல் உட்காரும். நனைக்காவிட்டால் முட்டைகள் வெந்துவிடும்.

"இந்த ஊற்றை இனி நானே பார்த்துக்கொள்கிறேன்!" என்றது பன்றி.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்!" என்றன முயல்கள்.

அன்று பன்றியே மணலை வாரியது. ஒன்பது முறை வாரியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் பன்றி சொன்னது: "ஊற்று என் பொறுப்பில் இருக்கிறது. என்னைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். மணலை நீங்களே வாரிக்கொள்ளுங்கள்!"

கேட்டன, குடித்தன, வாரின. பன்றி நிழலில் படுத்துக்கொண்டு, "ம்" என்றது.

மூன்றாம் நாள் பன்றி பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றது. "ஊற்று இப்போது என் வசம்! காலையில் மட்டும் குடிக்கலாம். உச்சிவேளையில் குருவி மட்டும் வயிற்றை நனைத்துக்கொள்ளலாம். சீக்கிரம், சீக்கிரம்!"

"முதலில் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். பிறகு பொறுப்பு என்றீர்கள். இன்று வசம். நாளைக்கு என்ன அண்ணே?" என்று கேட்டது கீரி.

"நாளைக்கு என் சொத்து!"

"நாளை மறுநாள்?"

பன்றி யோசித்தது. "போடா!" என்றது.

எல்லோரும் அவசரமாகக் குடித்துவிட்டு ஓடினார்கள். மணலை யாரும் வாரவில்லை.

நான்காம் நாள் பன்றி பள்ளத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டது. "கைப்பற்றியாயிற்று!" என்று சொல்லிக் கண்ணை மூடியது. வயிற்றுக்கு நல்ல குளுமை.

உச்சிவேளையில் குருவி ஓடி வந்தது.

"அண்ணே, குடிக்கக்கூட வேண்டாம். வயிற்றை நனைத்துக்கொள்கிறேன். ஒரு நொடி எழுந்திருங்கள்!"

"சாயந்திரம் வா, தங்கச்சி."

"சாயந்திரம் வரை முட்டை தாங்காதே!"

"நான் எழுந்தால் முயல்கள் புகுந்துவிடும். பிடித்ததை நான் விட மாட்டேன்!"

சொல்லிக்கொண்டே பன்றி இன்னும் அழுத்தி உட்கார்ந்தது. சலசலவென்று ஒரு பக்கம் மணல் சரிந்தது. மறுபக்கமும் சரிந்தது. பன்றி துள்ளி எழுந்து பார்த்தது. பள்ளத்தில் சேறுதான் இருந்தது.

"என் தண்ணீர் எங்கே? யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கவில்லை அண்ணே. நேற்றிலிருந்து யாரும் மணலை வாரவும் இல்லை. வார விட்டீர்களா?" என்றது கீரி.

பன்றியின் முகமெல்லாம் சேறு. முயல்கள் உருண்டு உருண்டு சிரித்தன.

"சிரிப்பெல்லாம் பிறகு!" என்று கத்தியது குருவி. மணலில் அங்கும் இங்கும் ஓடியது. கால் குளிர்ந்த இடத்தில் நின்றது. "அண்ணே, இங்கே கிண்டுங்கள்!"

பன்றி மறுபேச்சுப் பேசாமல் கிண்டியது. முயல்கள் பின்னங்காலால் மணலைத் தள்ளின.

"அதுவரை முட்டைகளுக்கு நான் நிழலாக நிற்கட்டுமா?" என்று கேட்டது கீரி.

குருவி கீரியை ஏற இறங்கப் பார்த்தது. "வேண்டாம் ராசா. நீ என் கண்முன்னாலேயே இரு!"

பன்றியின் தோள் மறையும் ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. பன்றிக்கு நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் அது பின்னால் நகர்ந்தது.

"முதலில் தங்கச்சி!"

குருவி நனைத்துக்கொண்டு ஓடியது. பிறகு மற்றவர்கள் குடித்தார்கள். பன்றி கடைசியாகக் குடித்தது. குடித்த கையோடு மணலை வாரத் தொடங்கியது.

"அண்ணே, இந்த ஊற்று வசமா, சொத்தா?" என்று ஒரு முயல் கேட்டது.

பன்றியின் வாய் நிறைய மணல். வாரிக்கொண்டே இருந்தது.

ஏழு நாள் கழித்துக் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. பன்றி மணல் வாருவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தது.

வளைத்துப் பிடித்தவனிடம் எதுவும் தங்குவதில்லை, உழைத்துப் பார்த்துக்கொள்கிறவனிடமே தங்கும். இதைப் பன்றி தெரிந்துகொள்வதற்குள் ஒரு முட்டை வெயிலில் வெந்துவிட்டது, மீதி மூன்றுதான் குஞ்சாயின.