ஒரு மணல், ஒரு கட்டைவிரல்

"உள்ளயும் போவ மாட்டேங்கு. வெளியவும் வர மாட்டேங்கு. மூணு தடவை பீப் பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சிருது."

குலசேகரன் சார் கேமராவை மேசைமேல் வைத்தார். சட்டைப்பையில் போடுகிற அளவு டிஜிட்டல் கேமரா. லென்ஸ் பாதி நீட்டியபடி நின்றது, ஓட்டுக்குள் இழுக்க மறந்த ஆமைத் தலை மாதிரி.

ஜெபக்கனி பார்த்தாள். தொடவில்லை.

"நாலு மணிக்குள்ள வேணும்மா."

"அப்ப நீங்கதான் செய்யணும்."

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு.

தூத்துக்குடியில் ஒரு வலைக்கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் அவள் கடை. வயசு இருபத்திரண்டு. பத்தாவதில் அறிவியலில் இருபத்தெட்டு மார்க் வாங்கி, அத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள். சாருக்கு ஐம்பத்தி நாலு. இருபத்தாறு வருசமாக மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவர். லென்ஸ் பாடம் என்றால் புத்தகத்தையே திறக்க மாட்டார். அன்றைக்கு இரண்டு பீரியடை வேறு ஒரு வாத்தியார் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தார்.

ஊரில் கேமரா ரிப்பேர் பார்க்கிற ஆள் வேறு யாருமில்லை. இருந்திருந்தால் அப்போதே படி இறங்கியிருப்பார்.

"நான் என்ன மெக்கானிக்கா?"

"இல்ல. அதான் சொல்லித் தாரேன்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை.

"இன்னொரு விசயம். இது பள்ளிக்கூடத்து கேமரா. கீழ விழுந்துதான் போச்சுன்னு கடையிலருந்து ஒரு சீட்டு வேணும். தாளாளர் கேட்டாரு."

"விழுந்துச்சா?"

"விழுந்திருக்கும்."

"பாத்தீங்களா?"

"பிள்ளைகளை முயல்தீவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். வரும்போது கேமரா பையைத் தூக்கிட்டு வந்தது அந்தோணியம்மா. லேப் அட்டெண்டர்."

"அத நான் கேக்கலியே சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீட்டு எதுக்கு?"

"மெமோ குடுக்கணும்லா."

"குடுத்தா?"

சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது தற்காலிக வேலைதான். ஒம்பது வருசமா ஓடுது. மெமோ ஃபைல்ல ஏறிட்டுன்னா ஜூன்ல திரும்ப எடுக்க மாட்டாங்க."

"சரி. திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன். உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"பேட்டரியக் கழட்டுங்க."

கழற்றினார்.

"அந்தப் பேப்பர்ல கேமராவ வச்சு சுத்திக் கோடு இழுங்க. ஒவ்வொரு ஸ்குரூவும் எங்கருந்து எடுத்தீங்களோ, படத்துல அங்கயே வைங்க."

"எல்லாம் ஒரே ஸ்குரூதானம்மா."

"இல்ல."

முதல் மூன்றைப் படத்தில் வைத்தார். நாலாவதை, ஐந்தாவதை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். ஜெபக்கனி இடது கையால் அவர் கையைத் தட்டிவிட்டாள். ஸ்குரூ ரெண்டும் தரையில் ஓடின. இருபத்தாறு வருசம் பிள்ளைகளை முட்டி போட வைத்த மனுசன், மேசைக்கு அடியில் முட்டி போட்டுத் தேடினார். ஒன்று மற்றதைவிட ஒரு எள் அளவு நீளம்.

இரண்டையும் படத்தில் வைத்தார்.

மேல்மூடி கழன்றதும் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெரிந்த ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

"இந்தா இருக்கு பாரு, கறுப்பா, சின்ன உருளை மாதிரி. இது என்னன்னு தெரியுமா? கெப்பாசிட்டர். பிளாஷுக்கு மின்சாரத்தச் சேத்து வைக்கும்."

"அதத் தொடாதீங்க சார். முதல்ல அந்தச் செவப்பு ஒயர எடுத்து—"

"எனக்குத் தெரியும்மா. பேட்டரியக் கழட்டினாலும் இதுக்குள்ள இருக்கது இருக்கும். அரை சி வி ஸ்கொயர். வோல்டேஜ் பாத்தீன்னா கிட்டத்தட்ட—"

பட்.

நாற்காலி பின்னுக்குப் போய் சுவரில் இடித்தது. சார் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"எவ்வளவு சார் வோல்டேஜ்?"

சார் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிவப்பு ஒயரை எடுத்து, அவள் காட்டிய இரண்டு முனையிலும் வைத்து, மிச்ச மின்சாரத்தை இறக்கினார்.

அதற்கப்புறம் அவர் பாடம் எடுக்கவில்லை. அவள் ட்வீசர் என்றால் ட்வீசர். பொறுங்க என்றால் பொறுத்தார்.

லென்ஸ் பகுதி தனியாகக் கையில் வந்தது.

"இது ஏன் இப்படி மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார்.

"மாட்டிக்கல. நின்னுருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான."

"ஒண்ணு இல்ல."

உருப்பெருக்கியை அவர் பக்கம் தள்ளினாள். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த குழாய்களின் இடுக்கை, சுற்றிச் சுற்றிப் பார்க்கச் சொன்னாள். சார் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். திரும்பப் பாருங்க என்றாள். மூன்றாவது சுற்றில் ஏதோ மின்னியது.

மணல். ஒரே ஒரு மணல்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான். வழியில ஏதோ கெடக்குன்னு தெரிஞ்சதும் நின்னுட்டு. மூணு தடவை சொல்லவும் செஞ்சிருக்கு."

"அது லென்ஸ் எரர்னு வந்துச்சு. கோளாறு."

"கோளாறு இல்ல சார். அதோட விட்டிருந்தா ஊதியே எடுத்திருக்கலாம்."

சார் ஊதினார். மணல் பறந்தது. எங்கே விழுந்ததென்றுகூடத் தெரியவில்லை.

"அப்பாடா. முடிஞ்சுதா?"

"பல்சக்கரத்தப் பாருங்க."

வெள்ளை பிளாஸ்டிக்கில் கொத்தமல்லி விதை அளவு சக்கரம். சுற்றிலும் பல். ஒரு இடத்தில் இரண்டு பல் இல்லை.

"லென்ஸு நின்ன பெறகு யாரோ அத உள்ள தள்ளிருக்காங்க."

"விழுந்தாலும் பல்லு போகும்லா?"

"விழுந்தா முதல்ல மூலைதான் அடி வாங்கும்."

சார் கேமராவின் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மூலையும் கடையில் வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"அப்ப பைக்குள்ள வச்சு அவதான் அமுக்கியிருப்பா," என்றார்.

ஜெபக்கனி பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தாள். உள்ளே செத்துப்போன கேமராக்கள். அதே மாதிரி ஒன்றிலிருந்து ஒரு சக்கரத்தை எடுக்க வைத்தாள். அதைப் பொருத்த அரைமணி நேரம் ஆனது. சார் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழப்போனதை அவள்தான் துண்டை நீட்டிப் பிடித்தாள். படத்திலிருந்த ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாக அவையவை வந்த இடத்துக்கே போயின.

பேட்டரி போட்டார். பொத்தானைத் தொட்டார்.

லென்ஸ் வெளியே வந்தது. உள்ளே போனது. வந்தது. போனது.

சாருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா! நானே செஞ்சிட்டேன்!"

"ஆமா சார். நல்லா வந்துட்டு."

மணி மூன்று நாற்பது.

"சீட்டு?"

"எழுதிருவோம். அதுக்கு முன்ன ஒரு ஒத்தாச. இந்தச் செத்த கேமரா டப்பாவுல கெடந்து உடையுது. இந்த உறையில போட்டுக் குடுங்க. எனக்கு ஒத்தக் கை."

டப்பாவிலிருந்து ஒன்றை நீட்டினாள். அதற்கும் லென்ஸ் பாதியில் நீட்டிக்கொண்டிருந்தது.

"சட்டுனு போடுங்க சார். நேரமாச்சுல்லா."

சார் கடிகாரத்தைப் பார்த்தபடி கேமராவை உறைக்குள் நுழைத்தார். லென்ஸ் இடித்தது. திருப்பி நுழைத்தார். இடித்தது. ஜிப் மூடவில்லை. கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போய் லென்ஸின் முகத்தில் உட்கார்ந்தது. அழுத்தப் போனது.

நின்றது.

சார் தன் கட்டைவிரலையே பார்த்தார்.

அன்றைக்கு முயல்தீவுக் கடற்கரை. பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நாற்பத்தோரு பிள்ளைகள். அந்தோணியம்மாள் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். கேமரா மூணு தடவை கத்தியது. உறைக்குள் போகவில்லை. அவர் ஒரே அமுக்கு அமுக்கினார். உள்ளே கடக்கென்று ஏதோ கேட்டது. கேட்காத மாதிரி ஜிப்பை இழுத்தார். பையை அந்தோணியம்மாள் கையில் கொடுத்தார்.

"பத்திரமாக் கொண்டு வா," என்று வேறு சொன்னார்.

மறுநாள் தாளாளர் அறையில், "எப்படிப் போச்சு?" என்று கேட்டதற்கு, "பையக் கொண்டுவந்தது அந்தோணியம்மா," என்றார். பொய்யே இல்லை. மிச்சத்தைத் தாளாளர்தான் சேர்த்துக்கொண்டார். சார் அதைத் திருத்தவில்லை. நாலு நாள் போனதும் அவருக்கே அப்படித்தான் நடந்த மாதிரி இருந்தது.

கீழே வலைக்கடையில் யாரோ யாரையோ வைதுகொண்டிருந்தார்கள்.

ஜெபக்கனி இடது கையை நீட்டி, அவர் கையிலிருந்த கேமராவை மெல்ல வாங்கி டப்பாவில் போட்டாள். கடை ரசீதுப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க சார். நான் சொல்லுதேன்."

சார் பேனாவை எடுத்தார்.

"கேமரா கீழே விழவில்லை."

எழுதினார்.

"உள்ளே ஒரு மணல். அதற்கு மேல் ஒரு கட்டைவிரல்."

எழுதினார்.

"தள்ளியவர் பெயர்."

பேனா நின்றது. "பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கோடு போட்டு விடுங்க. பரிச்சையில போடுவீங்கள்லா, கோடிட்ட இடம்னு. அப்படி."

கோடு போட்டார். அவள் இடது கையால் கோணல் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் குத்தினாள்.

"நிரப்பிட்டுக் குடுங்க," என்றாள். "எனக்கு இருபத்தெட்டு மார்க்கும் அதுலதான் வந்துச்சு."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சார் ஸ்கூட்டரை நிறுத்திச் சீட்டை எடுத்தார். பேனாவை எடுத்தார். ரயில் போனது. கேட் திறந்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் சார், தூங்குதீரா?" என்றான். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பள்ளிக்கூட மணிக்குக் கீழே அந்தோணியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், சரியாயிட்டா?"

"ஆயிட்டு."

"மாதா காப்பாத்திட்டா. நான் அதக் கீழ வைக்கவே இல்ல சார். மடியிலேயேதான் வச்சிருந்தேன். நீங்க பத்திரம்னு சொன்னீங்கள்லா."

சார் தலையை ஆட்டினார். படி ஏறினார். சீட்டில் கோடு வெறும் கோடாகவே இருந்தது.

தாளாளர் கிளம்பத் தயாராக நின்றார். கேமராவை வாங்கி ஒரு தடவை போட்டுப் பார்த்தார். சீட்டை வாங்கிப் படித்தார்.

"விழலையா? கட்டைவிரலா! அப்ப அமுக்கித்தான் ஒடச்சிருக்காளா? இது அதவிட மோசம்." சீட்டைத் திருப்பினார். "கடைக்காரன் பேரு எழுதாம விட்டிருக்கான் பாருங்க. எல்லாம் நாமளே செய்ய வேண்டியிருக்கு."

தன் பேனாவைத் திறந்து, கோட்டின்மேல் அழகாக எழுதினார். அந்தோணியம்மாள். அவர் கையெழுத்து எப்போதும் அச்சு மாதிரி இருக்கும்.

பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை மேசையில் நகர்த்தினார். மெமோ. அடியில் 'புகார் அளித்த ஆசிரியர்' என்று போட்டு, அதற்கு மேலே கொஞ்சம் இடம்.

"ஒரு கையெழுத்து சார். எனக்கு அஞ்சரைக்குப் பாளையங்கோட்டையில கூட்டம்."

பேனாவையும் அவரே நீட்டினார்.

குலசேகரன் சார் வாங்கினார். குனிந்தார். 'கு' எழுதினார். 'ல' பாதி வந்தது.

நின்றது.

வெளியே அந்தோணியம்மாள் மணி அடித்தாள். பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

தாளாளர் வாட்ச்சைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"என்ன சார், மை வரலையா? அது அப்பப்ப அப்படித்தான் நிக்கும். நல்லா அழுத்திப் போடுங்க."

சார் அழுத்தவில்லை.