சாமி சோத்துல வெச்ச மருந்து

ம் கொட்டிக்கிட்டே கேக்கணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல சடையாண்டின்னு ஒருத்தன் இருந்தான். அவன் பொண்டாட்டி புள்ளையைப் பெத்துப் போட்ட கையோட கண்ணை மூடிட்டா. பாவம், அந்தப் பச்சப்புள்ளைக்கு வீட்டுல நின்ன செவலைப் பசுவோட பாலுதான் உசுரு. ம்...

பக்கத்து வீட்டுல செல்லத்தாய் மதினி. தனிக்கட்டை. ஒரு நாயி, ஒரு வெள்ளாடு, அம்புட்டுதான் அவளுக்குச் சொத்து. தினமும் சோத்துக் கழுநித்தண்ணியை எடுத்தாந்து இவன் பசுவோட தொட்டியில ஊத்துவா. நல்ல மனுசி.

ஆனா அந்த நாயி இருக்கே, சருகு விழுந்தாலும் லொள் லொள், காத்தடிச்சாலும் லொள் லொள். புள்ளை அப்பத்தான் கண்ணசரும், திடுக்குன்னு முழிச்சு வீல்வீல்னு கத்தும். கத்திக் கத்தி மேலெல்லாம் அனலாக் காயும். இவன் புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடப்பான்.

அப்புறம் போயிக் கேட்டான். "மதினி, நாயைக் கட்டிப் போடுங்க."

"கட்டுறேன் தம்பி."

கட்டினா. கட்டின நாய் இன்னும் மோசம். ஊஊஊன்னு ஊளையிட ஆரம்பிச்சுருச்சு.

அப்புறம் கருவாட்டுத் தலையை வீசினான். நறுக் நறுக்னு தின்னுச்சு. தின்னுட்டு, இன்னும் கொண்டான்னு இவன் வாசல்லயே வந்து நின்னு குரைச்சுது. ம்... தூங்கிட்டியா? சரி, கேளு.

அப்போ ஊர்ல கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச சமயம். கோயில்ல குடுத்த சக்கரைப் பொங்கல் இருந்துச்சு. அதுல பயிருக்கு அடிக்கிற மருந்தை ஊத்திப் பிசைஞ்சான், படுபாவி. சாமி சோறுன்னு கூடப் பாக்கல. வாழை இலையில மடிச்சு மதினி வீட்டு முத்தத்துல வெச்சுட்டு வந்துட்டான்.

நாய் மோந்து பாத்துச்சு. மூக்கைச் சுளிச்சுச்சு. போயிருச்சு.

விடிஞ்சதும் மதினி வாசல் தெளிக்க வந்தா. இலையைப் பாத்தா. "அடடா, யாரோ பிரசாதம் வெச்சுட்டுப் போயிருக்காக. சாமி சோறு காலுல மிதிபடலாமா"ன்னு எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நேராப் போயி எங்க போட்டா தெரியுமா? செவலைப் பசுவோட தொட்டியில.

பொழுது உச்சிக்கு வரல. பசு தொபுக்கடீர்னு விழுந்துச்சு. வாயெல்லாம் நுரை. நாலு காலையும் உதைச்சு உதைச்சு அடங்கிருச்சு.

மதினி ஓடியாந்தா. நெஞ்சுல மடார் மடார்னு அடிச்சுக்கிட்டா. "தம்பி, நான் போட்ட சோறுதான். என் கையாலேயே கொன்னுட்டேனே. பசுவைக் கொன்ன பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாதே."

மருந்து வெச்சது நான்தான்னு சடையாண்டிக்கு நாக்கு வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டான்.

அப்புறம் அவ தன் வெள்ளாட்டைப் புடிச்சாந்தா. "புள்ளை பசியாறட்டும், வெச்சுக்கோ"ன்னு கயித்தை நீட்டுனா. இவன் வாங்கிக்கிட்டான்.

என்ன கேக்குறே? சொல்லலையான்னா? சொல்லல. ஆட்டைக் கறந்தான், புள்ளைக்கு ஊட்டுனான், வாயைத் தெறக்கல.

கொஞ்ச நாள் போச்சு. மதினி மெலிஞ்சு ஈர்க்குச்சி ஆயிட்டா. "தம்பி, இந்த நாயையும் எங்கயாச்சும் கொண்டு போயி விட்டுருதேன். புள்ளை தூங்கட்டும்"னா.

"வேண்டாம் மதினி, கெடந்துட்டுப் போகுது"ன்னான்.

ஏன்னா, ராத்திரியானா மதினி செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுவா. நாய் குரைக்கிற வரைக்கும் அந்த அழுகை இவன் காதுல விழாது.

கதை அம்புட்டுதான். போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.