இருவாச்சியின் தொண்டையில் புளித்த பழம்

மேகம் வந்து படுத்துத் தூங்கிவிட்டுப் போகிற ஒரு மலைச்சரிவில் அலகன் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் மனைவி பெயர் பிச்சி.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயரமான மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். உள்ளே அதன் பெரிய இறகுகளெல்லாம் உதிர்ந்துவிடும். மறுபடி இறகு முளைத்து, குஞ்சும் வளரும்வரை, ஆண் பறவை ஊட்டுவதுதான் சாப்பாடு. அது பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு பறந்து வந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுக்கும்.

பிச்சியும் அப்படித்தான் உள்ளே இருந்தாள். குஞ்சு பொரிந்துவிட்டது. அலகனுக்குத் தலைகால் புரியவில்லை.

"காட்டிலேயே இனிப்பான பழம் என் பிச்சிக்குத்தான்!" என்று, பழுத்து வெடித்த அத்திப்பழமாகத் தேடித் தேடிக் கொண்டுவந்தான்.

ஒரு காலையில் மரங்களெல்லாம் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தன. அலகன் கீறலுக்குள் அலகை நீட்டினான். பிச்சி வாங்கிக்கொள்ளவில்லை.

"என்ன பிச்சி, தூக்கமா?"

"தூக்கம் இல்லைங்க. நாக்கு சரியில்லை."

"எங்கே, காட்டு!"

கீறல் வெளிச்சத்தில் அவள் நாக்கை நீட்டினாள். பாலேடு படிந்ததுபோல வெள்ளையாக இருந்தது.

"எரியுதுங்க. விழுங்கின பழம் தொண்டையிலேயே நின்னு பொங்குது. என் வாயிலிருந்துதானே பிள்ளைக்கு ஊட்டுறேன்? அது நாக்கிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கு. நேத்திலிருந்து சரியாச் சாப்பிட மாட்டேங்குது."

அலகன் பதறிப்போனான். "சுவரை இடிச்சிடவா?"

"இடிச்சிட்டு? எனக்குச் சிறகில்லை. பிள்ளை இன்னும் கண்ணே திறக்கலை. கீழே மரநாய் மோந்துக்கிட்டுத் திரியுது. சுவர் இருக்கட்டும். சாப்பாட்டை மாத்துங்க, அது போதும். எனக்கு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அலகன் பறந்துவிட்டான். போகிற வழியில் நாலு அத்திப்பழத்தைத் தொண்டையில் அடக்கிக்கொண்டான். பழக்கம்!

முதலில் மலையணிலைப் பார்த்தான். அது பலாச்சுளையைக் கட்டிக்கொண்டு கிளையில் படுத்திருந்தது.

"நாக்கில் வெள்ளையா? அது பலவீனம் அண்ணே! இன்னும் நல்லாப் பழுத்ததாக் கொடுங்க. தேனடை கிடைச்சா அண்ணி வாயில் பிழிஞ்சு விடுங்க!" என்றது அணில்.

அடுத்த மரத்தில் இருந்த கருமந்தி சிரித்தது. "தேனா? நாசமாப் போச்சு! பழமும் ஆகாது, பூச்சியும் ஆகாது. எங்களைப் பாரு. கொழுந்து இலைதான். வயிறு எப்படி இருக்கு பார்த்தியா?"

"பிச்சி இலை தின்ன மாட்டாளே!"

"தின்னப் பழகணும்ப்பா!"

ஓடைக்கரையில் கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. அது மூக்கை நிமிர்த்தி, "இலை ஆகாது. கறையானும் உன் வீட்டுக்காரிக்குச் சூடு. பேசாமப் பட்டினி போடு!" என்றது.

"கரடியண்ணே, அவ பிள்ளைக்காரி!"

"அப்போ பாதிப் பட்டினி!"

இப்படியே பகல் ஓடியது. மேகம் கலைந்தது, வெயில் ஏறியது, மறுபடி மேகம் வந்து மூடியது. தொண்டையில் இருந்த பழம் அங்கேயே கிடந்தது.

பொழுது சாயும்போது அலகன் திரும்பி வந்து, ஒரு பழத்தைக் கக்கிக் கொடுத்தான். பிச்சி வாயில் வாங்கிய வேகத்திலேயே துப்பினாள்.

"என்னங்க இது! கள்ளுப்பானைக்குள்ளிருந்து வர்றீங்களா? எப்போ பறிச்சது?"

"காலையில்..."

"இவ்வளவு நேரம் எங்கே போனீங்க?"

"உனக்கு என்ன கொடுக்கலாம்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அணில் தேனுங்குது, மந்தி இலைங்குது, கரடி பட்டினிங்குது."

பொந்துக்குள் பிச்சி மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் களைப்பு இருந்தது.

"காடு பூராவும் கேட்டிருக்கீங்க. சாப்பிடப் போறவளைக் கேட்கலையே! அவங்கவங்க தங்களுக்குத் தோணினதைச் சொல்லியிருக்காங்க. இனிமேல் ஒவ்வொண்ணாக் கொண்டு வாங்க. பறிச்சதும் நேரா வாங்க. எது எரியுதோ, அதை வெளியே தள்ளிடுறேன்."

அன்றிலிருந்து அலகன் எங்கும் நின்று பேசவில்லை. சிறகுச் சத்தம் மட்டும் பனிக்குள் வந்து வந்து போனது.

பழுத்த அத்தியைக் கொடுத்தான். வெளியே வந்து விழுந்தது. தேனடைத் துண்டு கொடுத்தான். அதுவும் விழுந்தது. காட்டு லவங்கப்பட்டை மரத்தின் கருங்காயைக் கொடுத்தான். இனிப்பே இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள காய். அது திரும்பி வரவில்லை! வெட்டுக்கிளியைக் கொடுத்தான். உள்ளே மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

"இது ஒத்துக்குதுங்க. இன்னொண்ணு!"

மலையணிலுக்குப் பொறுக்கவில்லை. "அட, அட! பெண்டாட்டிக்குக் காயும் பூச்சியும் போடுற மகராசனை இப்போதான் பார்க்கிறேன்! பழத்துக்கு என்ன பஞ்சமா அண்ணே?" என்று கிளைக்குக் கிளை தாவிச் சொன்னது.

அலகனுக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு மத்தியானம், தேன் சொட்டுகிற அத்திப்பழம் ஒன்றைப் பார்த்தான். 'பாவம், வாய்க்கு ருசியா ஒண்ணும் இல்லையே. ஒண்ணே ஒண்ணு கொடுத்தால் என்ன ஆகும்?' என்று பறித்துக்கொண்டான்.

கீறலுக்கு முன்னால் வந்து நின்றான். உள்ளே, குஞ்சு அம்மாவின் அலகிலிருந்து எதையோ வாங்கி விழுங்குகிற சின்னச் சத்தம் கேட்டது. முந்தாநாள் வரைக்கும் அந்தச் சத்தம் இல்லை.

அலகன் அந்தப் பழத்தைத் தானே விழுங்கிவிட்டான்.

"என்னங்க, வாசலில் நின்னுக்கிட்டு என்ன முழுங்குறீங்க?"

"ஒண்ணுமில்லை பிச்சி, அது என் பங்கு. இந்தா, உனக்கு வெட்டுக்கிளி!"

மலைச்சரிவில் காலைப்பனி விலகுவதுபோல, பிச்சியின் நாக்கிலிருந்து வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. குஞ்சின் நாக்கு முருக்கம்பூப் போலச் சிவந்தது. ஒருநாள் மழை விட்டதும், பொந்துக்குள்ளிருந்து ஒரு புதுக்குரல் பசியோடு கத்தியது. ஓடைக்கு அப்பால் பறந்துகொண்டிருந்த அலகனுக்கே அது கேட்டது!

அன்பாக ஊட்டினால் மட்டும் போதாது. சாப்பிடுகிற உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று சாப்பிடுகிறவரிடமே கேட்டு ஊட்ட வேண்டும்.