பதினேழு ‘ஆம்’

மில்லில் எல்லோர் போனுக்கும் ஆறு இலக்க எண்ணிலிருந்து ஒரே மெசேஜ்: ‘ஐந்து மணிக்குள் ஆம் என்று பதில் அனுப்பாதவர்களுக்கு நாளை முதல் வேலை இல்லை.’ நூல் சுற்றும் செங்கமலம் ஒன்பது தடவை அனுப்பினாள், ஒன்றுகூடப் போகவில்லை. மணி நாலே முக்கால். மேனேஜர் தண்டபாணியிடம் ஓடினாள்.

“போகலைன்னு கதை விடாதே! எனக்கெல்லாம் ஒரே தட்டுல போயிருச்சு!” என்று சீறினார்.

அவள் கேட்டாள்: “சார், நீங்க அனுப்பினதைக் காட்டுங்க. அப்படியே பார்த்து அடிச்சுக்கறேன்.”

அதே புகாரோடு வந்து பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். வேறு வழியில்லாமல் போனைத் திருப்பினார். பதினேழு ‘ஆம்’, ஒவ்வொன்றின் கீழும் ‘அனுப்பப்படவில்லை’.

“நான் ஒன்பதுதான் சார்,” என்றாள்.

தண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. “ஏம்மா... இப்ப நாம என்ன பண்றது?”