வடிவு தேய்ச்ச மூணு சோப்பு

ஒரு ஊர்ல ஒரு உள்ளங்கை இருந்துச்சாம். சிரிக்காதே, உள்ளங்கையும் ஒரு ஊருதான். சித்தி கதை சொன்னா நீ ம் கொட்டணும். ம்... அது வடிவுன்னு ஒருத்தியோட கை. அதுல கண்ணுக்கே தெரியாத குட்டிக் கிருமிங்க கோடி கோடியாக் குடியிருந்துச்சு. நல்ல சனங்கதான். வாடகைக்குப் பதிலா தோலைக் கொஞ்சம் புளிப்பா வெச்சிருக்கும். அந்தப் புளிப்பு ஆகாத வெளியூரு ரவுடிக் கிருமி வந்தா, "இங்க இடமில்ல, போ போ"ன்னு விரட்டும். வடிவுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?

அப்போ வடிவோட தம்பிக்குப் பொண்ணு பொறந்துச்சு. அவங்க வழக்கத்துல மூத்த அத்தைதான் பிள்ளையைத் தொட்டில்ல போட்டு, காதுல பேரு சொல்லணும். அத்தை சொன்னதுதான் பேரு. வடிவு ஒரு பேரை யோசிச்சு, புருஷன்கிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருந்தா. அப்படி ஒரு ஆசை! "பச்சப்புள்ளையைத் தொடுற கை சுத்தமா இருக்க வேணாமா?"ன்னு சோப்புக் கடைக்கு ஓடினா.

மொதல்ல மஞ்ச சோப்பு. சரக் சரக், சளக் சளக். கையில பாதி ஊரு காலி. போனதுங்க மெதுவாத் திரும்பி வரப் பாத்துச்சு, விட்டாளா? அப்புறம் மருந்து நாத்தம் அடிக்கிற செவப்பு சோப்பு. சரக் சரக். தோல்ல இருந்த எண்ணெயும் போச்சு, புளிப்பும் போச்சு. அப்பவும் மனசு ஆறல. அப்புறம் என்ன, துணி தொவைக்கிற சோப்பு!

"ஏக்கா, அது வேட்டிக்குப் போடுறது"ன்னா தங்கச்சி பேச்சி.

"சுத்தம்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடி?"

ம் எங்க? தூங்கிட்டியா? இதைச் சாக்கா வெச்சு நாளைக்குக் கை கழுவாம சோத்தைத் தொட்டே, பிச்சுப்புடுவேன்.

அப்புறம் தொட்டில் போடுற நாள். வடிவு கை பளபளன்னு இருந்திருக்கணும்ல? சொரசொரன்னு வெடிச்சு, ரத்தம் கசிஞ்சுது. காவக்காரங்களைத்தான் அவளே துரத்திட்டாளே, ரவுடிங்க வந்து ஜம்முனு உக்காந்து சீழ் வெச்சிருச்சு. பிள்ளையோட அம்மா பாத்தா.

"கோவிச்சுக்காதீங்க மதினி. இந்தக் கையோட வேணாம்."

வடிவுக்குக் கோவம் வரல, அழுகைதான் வந்துச்சு.

அப்போ பேச்சியைக் கூப்பிட்டாங்க. பந்திக்கு வாழைக்காய் நறுக்கிட்டு இருந்தவ, எப்பவும் போல ஒரு தடவை கையைக் கழுவி, முந்தானையில தொடைச்சுட்டு வந்தா. பிள்ளையைத் தூக்கினா. காதுல குசுகுசுன்னு வாயில வந்த பேரைச் சொன்னா. செல்லக்கிளி. பிள்ளை கொட்டாவி விட்டுச்சு. அவ்வளவுதான், ஊரே செல்லக்கிளின்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. வடிவு யோசிச்ச பேரு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேக்கல.

மூலையில நின்னு மூக்கைச் சிந்திட்டு இருந்தவகிட்ட பேச்சி ஓடி வந்தா.

"அக்கா, எலை போட்டாச்சு. சீக்கிரம் கையக் கழுவிட்டு வா."

கதை கரைஞ்சு போச்சு, கண்ணை மூடு.