ராசி நாற்காலி

கடற்கரைக் கல்லூரிப் பையன்கள் நிறைந்த லாட்ஜில் ஒரே ஒரு மலைக் கல்லூரிக்காரன் இருந்தான், பெயர் ஆன்றோ. லோக்கல் சேனலில் இரண்டு கல்லூரிகளும் மோதும் கால்பந்து இறுதி ஆட்டம். அவர்கள் நடுவே பம்மி உட்கார்ந்திருந்தான். அரையிறுதியில் தன் கல்லூரி ஜெயித்த அன்று போட்டிருந்த சட்டையை ராசி போய்விடுமென்று இன்னும் துவைக்காத முரடன் பிரிட்டோ, ஆன்றோவின் காலரைப் பிடித்தான்.

"ஏலே, மலைக்காரனுக்கு இங்க என்ன வேலை? வெளிய வா, எலும்பை எண்ணிருவேன்."

ஆன்றோ நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "வாரேன் அண்ணே. ஆனா நான் இந்த நாற்காலியில இருக்கும்போதுதான் நீங்க ரெண்டு கோல் போட்டிய. தண்ணி குடிக்க எந்திரிச்சேன், எங்க பயலுவ ஒண்ணு போட்டுட்டானுவ."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பிரிட்டோவின் பிடி தளர்ந்தது.

"அசையாதலே!"

இரண்டு பேர் ஆன்றோவின் தோளை அழுத்திப் பிடித்தார்கள்.

கடைசி நிமிடத்தில் மலைக் கல்லூரிக்குப் பெனால்டி கிடைத்தது. ஆன்றோ கண்ணை இறுக மூடி, தன் கல்லூரிக்காரன் பந்தை வெளியே அடிக்க வேண்டுமென்று மாதாவிடம் கெஞ்சினான்.